ஆயிரம் மொகர் எங்கே?

ஜஹாங்கீர் அச்சிட்ட 12 கிலோ தங்க நாணயத்தைத் தேடிப் புறப்பட்ட சி.பி.ஐ. வெறுங்கையுடன் திரும்பியது. சிறு காசுகள் திருடுபோகும் வழக்குகளிலும் போலீசாரின் எதிரி திருடன் மட்டுமல்ல. அவனைவிடப் பெரிய எதிரி, தங்கத்தை உருக்கும் உலை.

ஜெனீவா, 1987 நவம்பர் 9. ஹாப்ஸ்பர்க் ஃபெல்ட்மன் என்ற ஏல நிறுவனம் இரண்டு முகலாயத் தங்க நாணயங்களை ஏலத்துக்கு வைத்தது. ஐரோப்பாவில் இருந்த இந்திய அதிகாரிகளைப் பதற வைத்தது அவற்றில் ஒன்று. சாப்பாட்டுத் தட்டைப் போல 20 சென்டிமீட்டர் அகலம். எடை 11,935.8 கிராம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சுமார் 1,492 சவரன். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1613ல் ஆக்ராவில் அச்சிட்ட ஆயிரம் மொகர் நாணயம் அது. தகவல் டெல்லியை எட்டியதும் விஷயம் சி.பி.ஐ.யிடம் போனது. தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகி, சிறப்புப் புலனாய்வுப் பிரிவு ஒன்று விசாரணையில் இறங்கியது.

ஏலத்தில் நாணயம் விற்றுப்போகவில்லை. அதே சமயம் இந்தியாவுக்கும் வரவில்லை. ஏலக்கூடத்திலிருந்து அது எங்கே போனது என்ற கேள்விக்கு இன்றுவரை விடையில்லை.

இப்படி ஒரு நாணயத்தைச் சந்தையில் செலவழிக்கவா அச்சிட்டார்கள்? இல்லை. இது மன்னர் பரிசளிப்பதற்காக உருவானது. தங்கத்தில் வித்தை காட்டுவதில் ஜஹாங்கீருக்குத் தனி ஆசை உண்டு. நூறு தோலா எடைக்கு நூர்ஷாஹி, ஐம்பதுக்கு நூர்சுல்தானி, இருபதுக்கு நூர்தௌலத் என்று ஒவ்வொரு எடைக்கும் பெயர் வைத்தவர் அவர். ஈரான் ஷாவின் தூதராக வந்த யாத்கார் அலிக்கு ஆயிரம் தோலா நாணயம் ஒன்றைப் பரிசளித்த செய்தியும் உண்டு. அத்தகைய நாணயங்கள் இரண்டு அச்சிடப்பட்டன, ஒன்று தூதருக்குப் போனது, மற்றது பிற்காலத்தில் ஹைதராபாத் நிஜாம்களின் உடைமையாயிற்று என்று வரலாற்றாசிரியர்கள் சொன்னதாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார் சி.பி.ஐ.யின் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற சாந்தனு சென்.

நிஜாம் என்றதும் விசாரணையின் பார்வை ஒரு மனிதர் மீது விழுந்தது. ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1967 பிப்ரவரியில் காலமானபோது, மகனைத் தாண்டிப் பேரன் முகர்ரம் ஜா வாரிசானார். எண்ணற்ற உறவினர்கள், ஊழியர்கள், வழக்குகள். போதாக்குறைக்கு 1971ல் மன்னர் மானியமும் ஒழிந்தது. முகர்ரம் ஜா ஹைதராபாத்தை விட்டு மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் ஆட்டுப் பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் கடன் துரத்தியது. ஏலத்துக்கு வந்த நாணயங்கள் அவர் மூலம் வெளிநாடு போனவை என்பதே சி.பி.ஐ. பிடித்த நூல். அந்த நூலின் மறுமுனை ஜெனீவாவில் பாரிபா வங்கியின் கிளையில் இருந்தது. ஏலம் நடந்தது அந்த வங்கியின் துணையோடுதான்.

சட்டத்தின் கை நீளமா?

இங்கேதான் போலீஸ் அதிகாரியின் சிக்கல் தொடங்குகிறது. வீடு புகுந்து திருடியவனைப் பிடிப்பது ஒரு வேலை. பாட்டனார் சொத்து பேரனிடம் வந்து, பேரனிடமிருந்து கடல் தாண்டிப் போனதைக் குற்றம் என்று நிரூபிப்பது வேறு வேலை. 1972ல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5ல் நடைமுறைக்கு வந்த சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாத நாணயத்தைத் தொல்பொருள் என்கிறது. அதை ஏற்றுமதி செய்யும் உரிமை மத்திய அரசுக்கோ அரசு அனுமதி பெற்ற அமைப்புக்கோ மட்டும்தான். மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அதற்கு முன்பும் 1947ம் ஆண்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. ஆனால் பொருள் எப்போது, யார் கையில், எந்த விமானத்தில் போனது என்று காட்டினால்தானே வழக்கு நிற்கும்?

அப்படியே காட்டினாலும் பொருள் கிடப்பது ஸ்விட்சர்லாந்தில். திருட்டுக் கலைப் பொருள்களைத் திருப்பித் தர வகை செய்யும் யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970ல் உருவானது. இந்தியா 1977ல் அதில் சேர்ந்தது. ஸ்விட்சர்லாந்து சேர்ந்ததோ 2003ல்தான். அதற்கான அந்நாட்டுச் சட்டம் 2005 ஜூனில் அமலுக்கு வந்தது. அந்த ஒப்பந்தமும் பின்தேதியிட்டுச் செல்லாது. 1987ல் ஜெனீவா சென்று கதவைத் தட்டும் ஓர் இந்திய அதிகாரியின் கையில் அந்த ஒப்பந்தம் என்ற சாவி இருக்கவில்லை.

நிஜாமின் மற்றொரு புதையலுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஏழாவது நிஜாம் தம் நகைகளை அறக்கட்டளைகளின் பெயரில் எழுதி வைத்திருந்தார். அவை மும்பை ஃபோர்ட் பகுதியில் ஒரு வங்கியின் பெட்டகத்தில் பல்லாண்டுகள் தூங்கின. விலை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995 ஜனவரியில் மத்திய அரசு 173 நகைகளைச் சுமார் 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஜேக்கப் வைரம் உட்பட எல்லாமே எண்ணிக்கையோடு ஒப்படைக்கப்பட்டன. அவற்றுக்குப் பட்டியல் இருந்தது, காவல் இருந்தது, நாட்டை விட்டு வெளியேற வழியில்லை. அந்த 173ல் ஆயிரம் மொகர் நாணயம் இல்லை.

காசுக்கு வாயில்லை

தமிழ்நாட்டில் சிலைத் திருட்டு வழக்குகளைப் படித்துப் பழகிய வாசகருக்கு ஒரு கேள்வி எழும். நடராஜர்கள் திரும்பி வருகிறார்கள், நாணயம் ஏன் வருவதில்லை? புரந்தான் கோயில் நடராஜர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்திலிருந்து 2014ல் திரும்பியதற்குப் பெரிதும் உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். சிலையை உருக்கினால் திருடனுக்கு நஷ்டம். முழுசாக இருந்தால்தான் கோடிகள். ஆகவே சிலை எங்கோ முழுசாக நின்றுகொண்டிருக்கும், தேடினால் கிடைக்கும்.

தங்கக் காசு அப்படியல்ல. விற்க முடியாவிட்டால் உருக்கலாம். உருக்கிய பிறகு குப்தர் காலத்துப் பொன்னும் நேற்று வாங்கிய வளையலும் ஒன்றே. ராஜஸ்தானில் பயானா அருகே 1946ல் கிராமத்தவர் கையில் ஒரு செம்புப் பாத்திரம் கிடைத்தது. உள்ளே சுமார் 2,100 குப்தர் தங்கக் காசுகள். அதிகாரிகள் வந்து சேருவதற்குள் ஒரு பகுதி உலைக்குப் போய்விட்டது. எஞ்சிய 1,821 காசுகளே இன்றும் குப்தர் நாணய ஆராய்ச்சிக்குப் பெரிய ஆதாரம் என்றால், உருகிப்போனவற்றோடு எத்தனை செய்திகள் உருகின என்று யார் சொல்வது?

ஐரோப்பாவும் இதற்கு விலக்கல்ல. 2017 மார்ச் 27 அதிகாலை, பெர்லினின் போடே அருங்காட்சியகத்துக்குள் ரயில் பாதை ஓரமாக ஏணி வைத்து இறங்கியவர்கள், கனடாவில் தயாரான 100 கிலோ தங்க நாணயத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் போனார்கள். போலீசார் ஆட்களைப் பிடித்தார்கள். 2020ல் தண்டனையும் கிடைத்தது. நாணயம் கிடைக்கவில்லை. 2022 நவம்பர் 22ல் ஜெர்மனியின் மான்சிங் நகரில் இன்னும் மோசம். முதலில் ஊரின் தொலைபேசிக் கம்பிகளை வெட்டினார்கள். அபாய மணிச் செய்தி போலீசாருக்குப் போகவில்லை. உள்ளே நுழைந்து வெளியேற ஆனது ஒன்பது நிமிடம். 2,000 ஆண்டுக்கும் முந்தைய 483 கெல்ட் தங்கக் காசுகள் போயின. அடுத்த ஆண்டு ஜூலையில் நால்வர் கைதானபோது, ஒருவரிடம் சில பொன் கட்டிகள் இருந்தன. காசுகளாக இருந்தவை கட்டிகளாகியிருந்தன.

ஆக, நாணயத் திருட்டை விசாரிக்கும் அதிகாரிக்கு முதல் 48 மணி நேரம் மிக முக்கியம். குற்றவாளியைப் பிடிப்பதா, பொருளைக் காப்பதா என்ற கேள்வியில் பொருள்தான் முதலில். கைரேகை நிபுணருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் நகைக்கடை வீதிக்கும், உருக்குப் பட்டறைகளுக்கும், பழங்காசு வியாபாரிகளுக்கும் செய்தி சொல்லியாக வேண்டும்.

வாங்க ஆளில்லாத பொருள்

போலீசாருக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. மிக அரிய பொருளைத் திருடுவது சுலபம், விற்பது கடினம். ஹைதராபாத் புரானி ஹவேலியில் உள்ள நிஜாம் அருங்காட்சியகத்தில் 2018 செப்டம்பர் 2 நள்ளிரவுக்குப் பின் நடந்த திருட்டு இதற்கு உதாரணம். காற்றுப் போக்கி வழியே இறங்கிய இருவர், வைரமும் மாணிக்கமும் பதித்த தங்க டிபன் கேரியரையும் தங்கக் கோப்பை, தட்டு, கரண்டியையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். தெருக் கேமராக்களில் பதிந்த உருவங்களைத் துருவி ஹைதராபாத் போலீசார் பின்தொடர்ந்தார்கள். திருடர்கள் போனது மும்பைக்கு. நட்சத்திர ஹோட்டலில் தங்கி வாங்குவார் தேடியும் யாரும் சிக்கவில்லை. ஊர் திரும்பியவர்கள் பத்து நாளைக்குள் பிடிபட்டார்கள். பொருள்களும் முழுசாகக் கிடைத்தன.

அமெரிக்காவில் 1967ல் ஃப்ளோரிடாவில் டுபாண்ட் குடும்பத்து வீட்டில் ஆயுதங்களோடு நுழைந்தவர்கள் ஒரு பெரிய நாணயச் சேகரிப்பைக் கொண்டு போனார்கள். அதிலிருந்த 1804ம் ஆண்டு வெள்ளி டாலர், உலகில் விரல் விட்டு எண்ணக் கூடியவற்றில் ஒன்று. சேகரிப்பாளர் அனைவருக்கும் தெரிந்த காசு. ஆகவே வெளிச்சத்துக்கு வர அஞ்சிக் கிடந்து, 1980களில் மீண்டது. பிரபலமே அதற்குக் காவலானது.

சி.பி.ஐ.யும் இந்தப் பாடத்தை முன்பே படித்திருக்கிறது. 1968 ஆகஸ்டில் டெல்லி தேசிய அருங்காட்சியகத்திலிருந்து 125 பழங்கால நகைகளும் 32 அரிய தங்கக் காசுகளும் திருடு போயின. கலைப் பொருள் குற்றங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது அது போன்ற வழக்குகளால்தான்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு முகம்

அருங்காட்சியகம் இருக்கட்டும். சாதாரண வீட்டுச் சேகரிப்பு திருடு போனால்?

மும்பைக்கு வெளியே, கல்யாணைத் தாண்டி இருக்கும் அம்பர்நாத்தை எடுத்துக்கொள்வோம். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையும் மற்ற ஆலைகளும் வேலைக்கு அழைத்ததால் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய ஊர்களில் ஒன்று. அங்குள்ள சிவன் கோயிலில் கி.பி. 1060க்கு நிகரான சக ஆண்டு பொறித்த கல்வெட்டு உண்டு. ஷிலாஹார மன்னர்களின் காலம் அது. கல்வெட்டு ஆயிரம் ஆண்டாக இடத்தை விட்டு அசையவில்லை. காசுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அம்பர்நாத்தில் காலையில் ரயில் ஏறும் ஒரு கைப்பை, ஒன்றரை மணி நேரத்தில் ஜவேரி பஜாரின் கூட்டத்தில் கரைந்துவிடும். ஊர் தானே கமிஷனரின் எல்லை, பஜார் மும்பை கமிஷனரின் எல்லை. இரண்டு போலீசாரும் பேசிக்கொள்வதற்குள் பொருள் கை மாறியிருக்கும்.

அந்தச் சமயத்தில் புகார் எழுதும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, என்னென்ன போயின என்பது. 'தாத்தா காலத்துக் காசுகள், ஒரு டப்பா நிறைய' என்று பதில் வந்தால் வழக்கு அங்கேயே பாதி படுத்துவிடுகிறது. நாளைக்கே ஒரு வியாபாரியிடம் டப்பா நிறையக் காசு பிடிபட்டாலும், அது இந்த வீட்டுடையது என்று நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது? விக்டோரியா ராணி தலை பொறித்த ஒரு ரூபாய் லட்சக்கணக்கில் அச்சாகியிருக்கிறதே?

பழைய காசில்தான் போலீசாருக்கு ஒரு வசதி. இயந்திரம் வருவதற்கு முன் அடித்த காசு ஒவ்வொன்றும் தனிப் பிறவி. சம்மட்டி அடி விழுந்த கோணம், ஓரத்தில் விரிந்த பிளவு, பாதி விழுந்த எழுத்து, தேய்மானம் என்று ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை எடையைக் குறித்து, இரு பக்கமும் படம் எடுத்து வைத்தால், அதுவே காசின் கைரேகை. பின்னால் விழுந்த காயம்கூட அடையாளம்தான். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1898ல் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலை மீது உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு விதம்.

காசு வெறும் உலோகமல்ல என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் எடுத்த காசுகளில்தான் மாக்கோதை, கொல்லிப்புறை என்ற சேரர் பெயர்கள் படிக்கக் கிடைத்தன. பாண்டியன் பெருவழுதியின் பெயர் பொறித்த செப்புக் காசை 1980களில் அடையாளம் கண்டு வெளிப்படுத்தியவர் 'தினமலர்' ஆசிரியரும் நாணய ஆய்வாளருமான இரா.கிருஷ்ணமூர்த்தி. சங்க நூல்கள் சொன்ன மன்னர்களுக்குக் கையில் தொட்டுப் பார்க்கும் சாட்சி அப்படிக் கிடைத்தது. அந்தச் செப்புக் காசுகளைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டிருந்தால் சில ரூபாய்கூடத் தேறியிருக்காது.

சட்டம் இந்த விஷயத்தில் பலர் அஞ்சுவது போல் இல்லை. நூறு ஆண்டுப் பழைய காசை வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. மண்ணில் தோண்டி எடுத்ததை மறைப்பது குற்றம். அதற்கு 1878ம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்வது குற்றம். வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். இந்த அச்சத்தாலேயே திருட்டுக் கொடுத்தவர்கள் புகார் தரத் தயங்கினால் லாபம் திருடனுக்கு. 2024 ஜூலை 1ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களின்படி, திருட்டு எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். வீட்டுக்குள் புகுந்த திருட்டுக்கு ஏழாண்டு வரை சிறை. தெரிந்தே திருட்டுப் பொருள் வாங்கியவரும் தப்ப முடியாது. நாணயத் திருட்டில் விசாரணையின் உயிர்நாடியே இந்தக் கடைசிப் பிரிவுதான். வாங்குபவன் பயந்தால் திருடனின் கையில் பொருள் தங்கும். தங்கினால் கிடைக்கும்.

முறைப்படி நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது செம்பு ஒன்றில் 505 தங்கக் காசுகள் வெளிப்பட்டன. அன்றே எண்ணினார்கள், எடை போட்டார்கள்: 1.716 கிலோ. அதிகாரிகள் கையெழுத்திட்ட அந்த ஒரு தாள் இருப்பதால், இனி அதில் ஒரு காசு குறைந்தாலும் கேள்வி கேட்க ஒரு போலீஸ் அதிகாரியால் முடியும்.

ஆயிரம் மொகர் விஷயத்தில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால்? ஹைதராபாத் அரண்மனையில் 1967ல் யாரேனும் அதை எடை போட்டு, படம் எடுத்து, அரசுப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால், அது விமானம் ஏறுவதற்கு முன்பே கேள்வி எழுந்திருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து ஏல நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்து விழித்துக்கொள்ள வேண்டி வந்தது.

விசாரித்த அதிகாரிகள் பதவி உயர்ந்தார்கள், ஓய்வும் பெற்றார்கள். முகர்ரம் ஜா 2023 ஜனவரி 14ல் இஸ்தான்புல்லில் காலமாகி, ஹைதராபாத் மெக்கா மசூதியில் அடக்கம் செய்யப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 2022ல், மத்திய அரசு நாணயத்தைத் தேடும் முயற்சியை மீண்டும் தொடங்கியதாகச் செய்தி வந்தது. ஏதோ ஒரு வங்கிப் பெட்டகத்திலோ ஒரு தனவந்தரின் அலமாரியிலோ அது முழுசாக இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அந்தத் தேடலுக்கு அடிப்படை. அவ்வளவு புகழ்பெற்ற நாணயத்தை உருக்க யாருக்கும் மனம் வராது என்பது ஒரு கணக்கு.

அலமாரியில் கிடக்கும் பேர் தெரியாத காசுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு தராசு, ஒரு புகைப்படம், ஒரு நோட்டுப் புத்தகம். போலீஸ் வருவதற்கு முன் வீட்டுக்காரர் செய்து வைக்கக் கூடியது இவ்வளவே. வந்த பிறகு போலீசார் எதையாவது செய்ய முடியுமா என்பதைத் தீர்மானிப்பதும் இதுவே.